89 மாடல் புல்லட்டும் யெஸ்டி அண்ணாச்சியும்

ஆணி புடுங்குற வேலை கொஞ்சம் அதிகமாயிட்டதால ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியல. மன்னிச்சுக்கோங்க மக்களே. அதுக்குப் பரிகாரமா இன்னிக்கு ஒரு நீளமான கொசுவத்தி சுத்தப் போறேன். பைக்குன்னாலே ஆகாதுங்கறவங்களும் தைரியமா உள்ள வரலாம். பாதிக்கு மேல மனுஷங்களைப் பத்தின கதைதான்.

நான் குப்பை கொட்டறது இங்கிலாந்துல, பர்மிங்காம் பக்கம். இங்கேர்ந்து தெற்கால கார்ல அரை மணி நேரம் போனா ரெடிட்ச்னு ஒரு ஊர் வரும். ஒரு காலத்துல தையல் ஊசி செய்யறதுல பேர் போன ஊர். ஆனா நமக்கு அதைவிட முக்கியமான விஷயம், ராயல் என்ஃபீல்டு பைக் பிறந்த ஊரும் அதுதான். 1901ல முதல் பைக், 1932ல 'புல்லட்'ங்கற பேர். 1950கள்ல நம்ம ராணுவம் எல்லைக் காவலுக்கு புல்லட் வாங்க, 1955ல மெட்ராஸ்ல என்ஃபீல்டு இந்தியா கம்பெனி ஆரம்பிச்சு, திருவொற்றியூர்ல பைக் செய்ய ஆரம்பிச்சாங்க. 1970 வாக்குல இங்கிலாந்துல கடையை மூடிட்டாங்க. திருவொற்றியூர்ல மூடவே இல்ல.

ரெடிட்ச்ல அந்த ஃபேக்டரி இருந்த இடத்தைப் பார்க்க ஒரு ஞாயித்துக்கிழமை போனேன். இப்ப அங்க ஒரு தொழிற்பேட்டை. பேர்ல மட்டும் என்ஃபீல்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. மழைத் தூறல்ல நின்னுக்கிட்டு நான் யோசிச்சது இதுதான்: இங்க பிறந்த பைக் அங்க போய் செட்டில் ஆயிடுச்சு. அங்க பிறந்த நான் இங்க வந்து பொட்டி தட்டறேன். என்னோட புல்லட் ஒண்ணு திருவனந்தபுரத்துல நிக்குதே, அதை ஏன் அதோட தாத்தா ஊருக்கே கொண்டு வரக்கூடாது?

தங்கமணிகிட்ட சொன்னேன். "முதல்ல கராஜ்ல இருக்கற அட்டைப்பெட்டியை எல்லாம் காலி பண்ணுங்க"ன்னு பதில் வந்துச்சு. அதை நான் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன் :)

இப்ப கொசுவத்தி.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. 2004ல திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல வேலை கிடைச்சுப் போனேன். 1990ல ஆரம்பிச்சது அது, நாட்டுலயே முதல் தொழில்நுட்பப் பூங்கா. கழக்கூட்டத்துல ஆபீஸ், கரமனைல ரூம். சாலை பஜார்ல, கரமனைல, வலியசாலைல எல்லாம் தலைமுறை தலைமுறையா தமிழ் பேசற குடும்பங்கள் இருக்கு. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாகர்கோவிலும் செங்கோட்டையும் திருவனந்தபுரத்தோட ஒரே ஆட்சியில இருந்ததுதானே. அந்த ஊர் ஆளுங்க அறிமுகமில்லாத ஆளைக்கூட 'சேட்டா'ன்னு கூப்பிடாம 'அண்ணா'ன்னுதான் கூப்பிடுவாங்க. அதைக் கேட்டதும் பாதி ஊர் ஏக்கம் போயிடுச்சு.

முதல் சம்பளம் மூணு மாசம் சேர்த்து வெச்சு ஒரு பழைய புல்லட் வாங்கினேன். 1989 மாடல், 350 ஸ்டாண்டர்டு. 15 வருஷ ரிஜிஸ்ட்ரேஷன் அப்பதான் முடிஞ்சிருந்ததால விலை குறைவு. ரினியூ பண்ணினா அஞ்சஞ்சு வருஷமா நீட்டிக்கலாம்னாங்க. இந்த அஞ்சு வருஷக் கணக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால வரும்.

பழைய புல்லட்டை ஓட்டினவங்களுக்குத் தெரியும். கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. முதல் கியர் மேல, மத்த மூணும் கீழ. ஸ்டார்ட் பண்றதே ஒரு பூஜை. அம்மீட்டர் முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் கிக்கரை மெதுவா அழுத்தணும், டிகம்ப்ரஷன் லீவரைப் பிடிச்சு ஒரு பொடி தூரம் தாண்டி விடணும், அப்புறம் ஒரே மிதி. முறை தவறினா கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கிடும். முதல் வாரம் நான் நொண்டிக்கிட்டேதான் ஆபீஸ் போனேன்.

அந்த வீங்கின காலோட ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனப்பதான் ஆசானைப் பார்த்தேன். பாறசாலைக்காரர். பாதி தமிழ், பாதி மலையாளம். "அப்பி, எஞ்சின்கிட்ட தேஷ்யம் காட்டக்கூடாது, அது நம்மளைவிட மூத்தது"ன்னார். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அஞ்சாறு பேர் அவரோட ஒர்க்‌ஷாப் வாசல்ல கூடுவாங்க. வங்கி ஆபீசர் ஒருத்தர், தும்பாவுல வேலை பார்க்கற ஒருத்தர், காலேஜ் பையன் ஒருத்தன், அப்புறம் சாலை பஜார்ல பலசரக்குக் கடை வெச்சிருந்த அண்ணாச்சி. கிளப், கொடி, ஜாக்கெட்னு ஒண்ணும் கிடையாது. ஒருத்தர் பேர் ஒருத்தருக்குச் சரியாத் தெரியாது. தண்டர்பேர்டு அண்ணன், பல்சர் தம்பி, ஆர்எக்ஸ் சார், யெஸ்டி அண்ணாச்சி. நான் '89'. என் செல்போன்ல இன்னமும் அவங்க பேரெல்லாம் அப்படித்தான் இருக்கு.

காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பி நெடுமங்காடு, விதுரா, கல்லார் வழியா பொன்முடி. அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். கல்லாறைத் தாண்டினா 22 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்ட பலகை. தேயிலைத் தோட்டம் வர்றப்ப பஞ்சு மாதிரி மேகம் ரோட்டுக்கு இறங்கி வந்துடும், முன்னால போற வண்டியோட சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். சில ஞாயிறு பாலோடு, குளத்துப்புழா வழியா தென்மலை. அங்க மீட்டர்கேஜ் காலத்துப் பதிமூணு கண் பாலத்துக்கு எதிர்ல வண்டியை நிறுத்திட்டு உட்கார்ந்திருப்போம். திரும்பி வர்றப்ப தட்டுக்கடையில ரசவடை, பழம்பொரி, சாயா.

இந்தக் கூட்டத்துக்கு இருந்த சட்டம் மூணே மூணு. ஒண்ணு, ஹெல்மெட் இல்லாம வந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ரெண்டு, யாரும் யாரையும் முந்தக்கூடாது. மூணு, கடைசி வண்டி யெஸ்டி அண்ணாச்சியோடது. அவர்கிட்ட ஒரு காக்கிப் பை இருக்கும். பிளக், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், செயின் லாக், சிபி பாயிண்ட், பழைய துணி, அவிச்ச கடலை. யாரோட வண்டி நின்னாலும் அவர் நிப்பார். வேற ஊர்க்காரன் முன்பின் தெரியாதவன் ரோட்டோரம் பானெட்டைத் திறந்து நின்னாலும் நிப்பார். "நின்னு கேட்கறதுக்குக் காசா, பணமாடே?"ம்பார். இங்க இங்கிலாந்துல எதிர்ல வர்ற பைக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் தலையை லேசா ஆட்டிக்குவாங்க. அதைப் பார்க்கறப்பல்லாம் எனக்கு அண்ணாச்சி ஞாபகம்தான் வரும்.

2007ல ஒரு நாள். கேரளாவுல ஹர்த்தால். காலைல ஆறுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் பஸ், ஆட்டோ எதுவும் ஓடாது. கவுந்தடிச்சுத் தூங்கிட்டு இருந்தேன். ஒன்பது மணிக்கு அக்கா போன். அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு, உடனே கிளம்பி வான்னா. திருநெல்வேலிக்கு 150 கிலோமீட்டர். கை நடுக்கத்துல எனக்குப் புல்லட் ஸ்டார்ட் ஆகல. முள்ளு நடுவுல நிக்கவே மாட்டேங்குது. ஆசானுக்குப் போன் பண்ணினேன். இருபது நிமிஷத்துல நாலு வண்டி என் ரூம் வாசல்ல.

ஹர்த்தால்ல கடை அடைப்பு, அதனால அண்ணாச்சி வீட்டுலதான் இருந்திருக்கார். ஒரு அட்டையில 'ஆஸ்பத்திரி'ன்னு மலையாளத்துல எழுதி என் ஹெட்லைட்ல கட்டினார். "உன்னைய தனியா விட மாட்டோம், நடுவுல வா"ன்னார். நெய்யாற்றின்கரை தாண்டி ஒரு இடத்துல மரத்தை வெட்டிக் குறுக்கப் போட்டிருந்தாங்க. ஆசான் இறங்கிப் போய்ப் பேசினார். அங்க நின்ன பையங்களே மரத்தை இழுத்து வழி விட்டாங்க. களியக்காவிளை எல்லையைத் தாண்டினதும் எல்லாக் கடையும் திறந்திருந்துச்சு. மத்தவங்க அங்கேர்ந்து திரும்பிட்டாங்க, அண்ணாச்சி மட்டும் பின்னாடியே வந்தார்.

மார்த்தாண்டத்துல என் கிளட்ச் கேபிள் அறுந்து போச்சு. பையைத் திறந்தா, போன வாரம்தான் அவர் கேபிளை யாருக்கோ கொடுத்திருக்கார். ஒரு நொடி கூட யோசிக்கல. "என் வண்டியை எடுத்துட்டுப் போ. பெட்ரோல் போட்டா மறக்காம ஆயில் கலக்கச் சொல்லு"ன்னு சாவியை நீட்டினார். நான் யெஸ்டியைத் தொட்டதே கிடையாது. அதுல கியர் இடது பக்கம், கிக்கரும் கியர் லீவரும் ஒண்ணேதான். மைசூர் ஐடியல் ஜாவாக்காரங்க கைவண்ணம். அஞ்சு நிமிஷம் சொல்லிக் கொடுத்தார். "மெதுவாப் போ. உங்க அப்பாவுக்கு நீ முழுசா வேணும்"ன்னார். அப்பாவைப் போய்ப் பார்த்தேன். கண்ணைத் திறந்து, "எப்படிடே வந்தே, பஸ்ஸே ஓடலயாமே?"ன்னு கேட்டார்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரி வாசல்ல டப் டப்னு பழகின சத்தம். அண்ணாச்சி என் புல்லட்டைச் சரி பண்ணி ஓட்டிக்கிட்டு வந்திருந்தார். அம்மாகிட்ட ஒரு பாக்கெட் நேந்திரம் சிப்ஸைக் கொடுத்துட்டு, அப்பாவோட அரை மணி நேரம் பேசிட்டு, யெஸ்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். அப்பா அதுக்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார்.

2010ல எனக்கு இங்கிலாந்து வேலை. வண்டியை விக்க மனசு வரல. "ஒர்க்‌ஷாப்ல நிக்கட்டும் அப்பி, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைக்கேன்"ன்னார் ஆசான். முதல் ரெண்டு வருஷம் ஒழுங்காப் பணம் அனுப்பினேன். அப்புறம் கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன். மறந்து போச்சு. அவரும் கேட்கல. 2014லயும் 2019லயும் ரிஜிஸ்ட்ரேஷன் ரினியூ பண்ண ஃபார்ம் 25ல கையெழுத்துப் போட்டு கூரியர்ல அனுப்பினேன். அது ஒண்ணுதான் எனக்கும் அந்த வண்டிக்கும் இருந்த தொடர்பு. லீவுல ஊருக்குப் போனாலும் சென்னை, பாளையங்கோட்டை, கோயில், துணிக்கடைன்னு பதினெட்டு நாள் ஓடிடும். திருவனந்தபுரம் மூணு மணி நேரத் தூரம்தான். போகல. நீங்களும் இப்படி யாரையாவது விட்டு வெச்சிருப்பீங்க, அதனால என்னைத் திட்டாதீங்க.

2024 ஆகஸ்ட்ல பிள்ளைங்க ஸ்கூல் லீவுல போனேன். ரினியூ பண்ற வருஷம். நானே நேர்ல முடிச்சு, அப்படியே வண்டியைக் கப்பல்ல ஏத்தற வேலையும் பார்த்துடலாம்னு திட்டம். கழக்கூட்டத்துல 2022ல திறந்த மேம்பாலத்துல டாக்ஸி போச்சு. நான் தினமும் டிராஃபிக்ல நின்ன இடம் எல்லாம் காலுக்குக் கீழ போச்சு.

ஒர்க்‌ஷாப் அதே இடம். ஆசானுக்குத் தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்து, "எந்தரு அப்பீ, வழி மறந்து போச்சா?"ன்னார். நேத்துதான் போனவன்கிட்ட கேட்கற மாதிரி. உள்ள வண்டி நின்னுச்சு. தூசி இல்ல. டேங்க்ல கோல்டு லைன் பளிச்சுனு இருக்கு. டயர் ரெண்டும் புதுசு. நான் அனுப்பின பணத்துல இது நடந்திருக்க வாய்ப்பே இல்ல.

"எவ்வளவு ஆசான் தரணும்?"னு கேட்டேன். அவர் பதில் சொல்லாம ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்து வெச்சார். பக்கம் பக்கமா மலையாளத்துல தேதி, யார் எடுத்தது, எங்க போச்சு, பெட்ரோல் யார் போட்டது, என்ன மாத்தினது. மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். பொன்முடி, பொன்முடி, தென்மலை, பொன்முடி. 2018 ஆகஸ்ட், வெள்ளம், செங்கன்னூர், மருந்து, ரெண்டு நடை. அப்புறம் 2020 ஏப்ரல். களியக்காவிளை வரைக்கும். அதுக்கு நேரா எழுதியிருந்தது: '89-ன்றெ அம்ம, மருந்நு'.

எனக்குப் புரியல. திரும்பப் படிச்சேன். ஆசான் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஊரடங்கு நேரம். அம்மாவுக்கு ஒரு மாத்திரை பாளையங்கோட்டையில எந்தக் கடையிலயும் கிடைக்கல. என்கிட்ட சொன்னா நான் அங்கேர்ந்து துடிப்பேன்னு, அம்மா அந்தப் பழைய டைரியைப் பார்த்து அண்ணாச்சிக்குப் போன் பண்ணியிருக்காங்க. எல்லையை அடைச்சு வெச்சிருந்த நேரம். இவர் இங்க மாத்திரையை வாங்கி, என் புல்லட்ல களியக்காவிளை வரைக்கும் போய், போலீஸ்காரர் கையால அந்தப் பக்கம் கொடுத்து, அங்கேர்ந்து ஒரு நாகர்கோவில் பைக்காரர், அவர்கிட்டேர்ந்து ஒரு வள்ளியூர்க்காரர், இப்படிக் கை மாறிக் கை மாறி சாயங்காலத்துக்குள்ள அம்மா கைக்குப் போயிருக்கு. மூணு தடவை. நான் அந்த ஏப்ரல்ல தினமும் வீடியோ கால்ல "சாப்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா"ன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். "போட்டேன்"னாங்க. அது எப்படி வந்துச்சுன்னு நான் கேட்கவே இல்ல.

"அண்ணாச்சி எங்க?"ன்னு கேட்டேன். சர்க்கரை வியாதி. 2022ல வலது பாதத்துல மூணு விரலை எடுத்துட்டாங்க. அந்தக் காலை அழுத்தி ஊன முடியாது. யெஸ்டியை வித்தாச்சு. "உன்கிட்ட சொல்லணும்னுதான் நெனச்சோம். நீ தூரத்துல இருக்கே"ன்னார். தூரம். கூகுள் மேப்புல நான் இருக்கற தூரத்தை அவர் சொல்லலன்னு எனக்கே தெரிஞ்சது.

ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு மணி. அதே வாசல். தண்டர்பேர்டு அண்ணன் ரிட்டயர் ஆயிட்டார். பல்சர் தம்பிக்கு முன் தலை ஏறிடுச்சு. புதுசா நாலஞ்சு பேர், ஹிமாலயன், இன்டர்செப்டர்னு பெரிய வண்டிங்க. ஆட்டோவுல அண்ணாச்சி வந்து இறங்கினார், கையில அதே காக்கிப் பை. கூட ஒரு பொண்ணு, ஹெல்மெட்டோட. அவர் மகள். 2007ல ஸ்கூல் யூனிஃபார்ம்ல கடைக் கல்லாவுல உட்கார்ந்திருக்கும். இப்ப டெக்னோபார்க்ல வேலை. திருவனந்தபுரத்துல பொண்ணுங்க புல்லட் ஓட்டறது இப்ப அதிசயம் இல்ல, அவங்களுக்குன்னு கிளப்பே இருக்கு.

நான் 89ஐ ஸ்டார்ட் பண்ணப் போனேன். மூணு மிதி. நாலாவது மிதில திருப்பி அடிச்சுது. கூட்டத்துல ஒரு சிரிப்பு. அந்தப் பொண்ணு, "அண்ணா, நான் பார்க்கட்டுமா?"ன்னு வந்து, முள்ளைப் பார்த்து, லீவரைப் பிடிச்சு விட்டு, ஒரே மிதி. டப் டப் டப். "வாராவாரம் இவதான் ஸ்டார்ட் பண்ணிட்டிருக்கா"ன்னார் ஆசான், எங்கயோ பார்த்துக்கிட்டு.

அன்னிக்கு வண்டியை நான்தான் ஓட்டினேன், அண்ணாச்சி பின்னால உட்கார்ந்தார். கடைசி வண்டியா. பழைய சட்டம்தானே. பத்தாவது வளைவுக்கு மேல மேகம் இறங்கிடுச்சு. முன்னாடி போற சிவப்பு விளக்குங்க ஒவ்வொண்ணா வளைவுல மறையுது. அவர் கை என் தோள்ல இருந்துச்சு, நான் கியர் மாத்தறப்பல்லாம் அவர் அறியாம இறுகும். மேல போய் டீ குடிக்கறப்ப, "அண்ணாச்சி, அம்மா மருந்து..."ன்னு ஆரம்பிச்சேன். "அதை விடுடே"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "உங்க அப்பாவுக்குக் கருப்பட்டிக் காப்பி ரொம்பப் பிடிக்கும், என்ன?"ன்னார். 2007ல அரை மணி நேரம் பேசினதுல அவருக்கு அது ஞாபகம் இருக்கு. எனக்கு அது மறந்தே போயிருந்துச்சு.

கப்பல் ஏஜென்ட்டுக்கு மறுநாள் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன். ரினியூவல் வேலை முடிஞ்ச கையோட ஃபார்ம் 29, ஃபார்ம் 30 வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பேர் மாத்தறதுக்கு. அண்ணாச்சி ஒத்துக்கவே இல்ல. "பணம் வாங்கிக்கோ"ன்னு கடைசி வரைக்கும் சண்டை. பதினாலு வருஷ நோட்டைத் திறந்து காட்டி, "நான் தர வேண்டியதை முதல்ல கூட்டிச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்"னேன். அதுக்கு அவர்கிட்ட பதில் இல்ல. அந்தப் பொண்ணு மட்டும், "அண்ணா, நீங்க வர்றப்ப எடுத்துக்கலாம். ஆனா ஸ்டார்ட் பண்ணக் கத்துக்கிட்டு வாங்க"ன்னுச்சு.

பர்மிங்காம் திரும்பி வந்தப்ப தங்கமணி, "எங்க உங்க வண்டி?"ன்னாங்க. "அது அங்கதான் செட்டில் ஆயிடுச்சு"ன்னேன். கராஜ்ல அட்டைப்பெட்டிங்க அப்படியே இருக்கு.

ஒண்ணே ஒண்ணு மாறியிருக்கு. ஞாயித்துக்கிழமை இங்க ராத்திரி பன்னெண்டரை அடிக்கறப்ப, கோடைக்கால நேரத்துக்கு அங்க காலைல அஞ்சு. முழிச்சிருந்து ஒரு போன் போடறேன். பெரும்பாலும் யாரும் பேச மாட்டாங்க, போனை எஞ்சின் பக்கத்துல வெச்சிடுவாங்க. ஒரே மிதில கிளம்பிடுது.

பின்குறிப்பு: அம்மாகிட்ட, "ஏம்மா என்கிட்ட சொல்லல?"ன்னு கேட்டேன். "சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே?"ன்னாங்க. யோசிச்சுப் பார்த்தேன். அண்ணாச்சிக்குத்தான் போன் பண்ணியிருப்பேன்.